விமானத்தில் உள்ளோர்

சூ லுக்அவுட். விடிகாலை நாலு பத்து.
மைனஸ் முப்பத்தொன்று என்கிறது திரை,
சமையலறை யன்னல் அதை நம்பச் சொல்கிறது.
கோப்பி ஆறுவதற்குள்
வடக்கை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

முதலில் காற்று.
ஆறாயிரம் அடியில் முந்நூற்றுப் பத்துப் பாகையிலிருந்து
நாற்பது நொட்.
சின்னச் சின்ன அம்புகள்,
ஒவ்வொன்றின் வாலிலும் மீன்முள்ளாய் நாலு கீறு,
எல்லாம் என் மூக்குக்குச் சற்று இடப்புறமாய்.

பிறகு இறக்கையில் பனி கட்டும் படம்.
என் கரவானுக்கு நீலம் ஆகாது.
இரண்டு விரலால் நீலத்தை விரித்து,
பால் ஆடையை விலக்கிப் பார்ப்பது போலப் பார்க்கிறேன்.
ஏரிக்குக் கிழக்கே வெளிறிய ஓர் இடைவெளி.
ஒன்பது மணிவரை திறந்திருக்குமாம்.

அறிவித்தல்களைப் பருப்பில் கல் பொறுக்குவது போலப் பொறுக்குகிறேன்:
ஓடுபாதை விளக்கு இரண்டு எரியாது.
எரிபொருள் இல்லை.
ஓடுபாதையில் நாய்கள்.
நாய்கள் எப்போதும் இருக்கும்.

பாரப் படிவத்தில்தான் நின்றுவிட்டேன்.
பால் நாற்பது பெட்டி. பம்பர்ஸ்.
பள்ளிக்கூடத்துக்கு ஒரு போட்டோக் கொப்பி மெஷின்.
ஒரு சவப்பெட்டி.

மென்பொருளுக்குத் தெரிந்தது இரண்டே சாதி:
பயணி, சரக்கு.

பயணிக் கட்டத்தைத் தொட்டதுமே
பழைய பெயரொன்று தானாக வந்து விழுகிறது:
மீக்கிஸ், ஆபெல். 148 இறாத்தல். மூன்றாம் வரிசை, இடது.
ஒக்டோபரில் நான் தட்டியது.
தராசில் ஏற முதல்
"சப்பாத்தோடயா, கழட்டிப்போட்டா?" என்று கேட்டவர்.
சப்பாத்தும் பறக்கத்தானே போகுது என்றேன்.
வழி முழுக்க நெற்றியை யன்னலில் ஒட்டியபடி வந்தார்.
ஏரி இடுப்பொடுங்கும் ஓரிடத்தைக் காட்டி
"அங்கதான் தண்ணி கடைசியாக் கட்டும்" என்றார் ஹெட்செட்டில்.
சிறுநீரகத்துக்காகத் தெற்கே போனவர்.

இன்றைக்குப் பெட்டியோடு 335.
அவர் இருந்த ஆசனத்தையும் சேர்த்து
மூன்றைக் கழற்றினால்தான் இடம்.
நாலாம் பகுதியில் வைத்தால்
ஈர்ப்பு மையம் பின்னுக்குப் போய்ப் புள்ளி சிவக்கிறது.
பாலை முன்னுக்குத் தள்ளுகிறேன்.
மெஷினை நாளைக்கு விடுகிறேன்.
பச்சை.

பயணிகள்: மகள் லோரெட்டா, அவளுடைய பெடியன்.
நேற்று எடை கேட்டு ரெலிபோன் எடுத்தபோது
தன்னுடையதைச் சொன்னாள், மகனுடையதைச் சொன்னாள்,
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு
"அப்பான்ரயும் வேணுமா?" என்றாள்.
அது எங்களிட்ட இருக்கு என்றேன்.
வேறு எப்படியாவது சொல்லியிருக்கலாம்.

கடைசிக் கட்டம்: விமானத்தில் உள்ளோர்.
நாலு என்று தட்டினேன்.
மென்பொருள் மறுக்கவில்லை. நாலும் அதற்கு ஓர் எண்.
நான்தான் அழித்தேன்.
எங்காவது விழுந்தால்
இந்த எண்ணை வைத்துத்தான் தேடுவார்கள்.
எங்கள் மூன்று பேரையும் கண்டெடுத்த பிறகும்
நாலாவது ஆளுக்காக எவனோ ஒருவன்
இடுப்பளவு பனியில் இன்னோர் இரவு நடப்பான்.
பெட்டிக்குள் இருப்பவர்தான் அவர் என்று
அவனுக்கு யார் சொல்வது?
3.

பாதைக் கோட்டை மட்டும் விரலால் பிடித்து
கொஞ்சம் கிழக்கே இழுத்தேன்,
ஏரியின் அந்த இடுப்புக்கு மேலாக.
றப்பர் போல வந்தது.
ஆறு நிமிடம் கூட. எரிபொருள் நாற்பது இறாத்தல் கூட.
ஏன் என்று கேட்கவில்லை.
கூட்டிக் காட்டியது.

அனுப்பு.
ஏற்றுக்கொள்ளப்பட்டது, 04:52.

இன்னொருமுறை நீலத்தைத் திறந்தேன்.
இடைவெளி ஒடுங்கியிருந்தது, இப்போது எட்டரை வரைதானாம்.
கோரிக்குத் தகவல் போட்டேன்,
எஞ்சினுக்கு ஹீட்டரை இப்போதே பூட்டச் சொல்லி.
கோப்பியை அப்படியே தொட்டியில் ஊற்றிவிட்டு
சப்பாத்தைத் தேடினேன்.